டெபியன் 13-க்கு மாறினா ஈமாக்ஸ் 30 வருது, பழைய இனிட் ஃபைல் தாங்குமா?

தறிநாடா (கேள்வி):
எல்லாருக்கும் வணக்கம். டெபியன் லினக்ஸ் 12-ல ஈமாக்ஸ் எடிட்டர் 28.2 வச்சு பைத்தானும் சி-யும் எழுதிட்டிருக்கேன். இப்ப 13-க்கு போகலாம்னு இருக்கேன், அதுல 30.1 வருது, அதாவது 29-ஐ பாக்காமலே நேரா 30. இனிட் ஃபைல் (ஈமாக்ஸ் திறக்கும்போது படிக்கற செட்டிங்ஸ் ஃபைல்) வருஷக்கணக்கா சேர்ந்து சேர்ந்து பெருசாயிடுச்சு, பேக்கேஜ்களை செட் பண்ற யூஸ்-பேக்கேஜ், அடுத்து எந்த கீ அமுக்கலாம்னு காட்டற விச்-கீ, ப்ராஜெக்டோட இன்டென்ட் மாதிரி செட்டிங்ஸை படிக்கற எடிட்டர்கான்ஃபிக், கோடை அலசி எரர் காட்டற லாங்குவேஜ் சர்வரோட பேசற எக்லாட் எல்லாத்தையும் வெளியில இருந்துதான் இழுக்குது. எதெல்லாம் உடையும்? அப்புறம் கோடுக்கு கலர் அடிக்க ட்ரீ-சிட்டர் ட்ரீ-சிட்டர்னு சொல்றாங்களே, மாத்தினவங்களுக்கு உண்மையிலேயே வித்தியாசம் தெரியுதா? வேலை நேரத்துல எடிட்டர் படுத்துடக்கூடாது, அதான் முன்கூட்டியே கேக்கறேன்.

அரைப்புள்ளி:
தைரியமா மாறுங்க. நீங்க சொன்ன நாலுமே இப்ப ஈமாக்ஸோடயே வருது, எக்லாட்டும் யூஸ்-பேக்கேஜும் 2023 ஜூலைல வந்த 29-லயே உள்ள போயிடுச்சு, மத்த ரெண்டும் 2025 பிப்ரவரில வந்த 30.1-ல. யூஸ்-பேக்கேஜை இறக்கறதுக்குன்னே ஃபைல் ஆரம்பத்துல எல்லாரும் கொஞ்சம் வரி எழுதி வச்சிருப்போமே, அதை தூக்கிடலாம். இறக்கின பேக்கேஜ் எல்லாம் இருக்கற எல்ப்பா ஃபோல்டரை அப்படியே கொண்டு போனீங்கன்னா அதுல இருக்கறது 28-ல கம்பைல் ஆனது, அதனால மொதல் வேலையா எம்-எக்ஸ் (ஆல்ட்+எக்ஸ்) போட்டு பேக்கேஜ்-ரீகம்பைல்-ஆல் ஓட்டிடுங்க, இல்லன்னா சம்பந்தமே இல்லாத எடத்துல எரர் வரும்.

இன்னொன்னு, 29-ல இருந்து இனிட்-டைரக்டரின்னு ஒரு கமாண்ட் லைன் ஆப்ஷன் இருக்கு. புது ஃபோல்டர்ல சின்னதா ஒரு இனிட் ஃபைல் போட்டு அதை மட்டும் வச்சு ஈமாக்ஸை திறந்து பாருங்க, பழைய செட்டப்பை தொடவே வேண்டாம். ஒவ்வொரு துண்டா எடுத்துட்டு வந்து சரியா ஓடுதான்னு பாத்துட்டு அப்புறம் மாறுங்க, வேலையும் நிக்காது.

மரக்கிளை:
ட்ரீ-சிட்டர் பத்தி நான் சொல்றேன். வித்தியாசம் தெரியும், ஆனா 30-ஐ போட்டதும் தானா வராது, அதுதான் முக்கியம். பழைய மோடு (ஒவ்வொரு மொழிக்கும் ஈமாக்ஸ்ல இருக்கற செட்டப்) ரெஜெக்ஸ், அதாவது எழுத்து பேட்டர்ன் வச்சு கலர் அடிக்கும், இது கோடை நிஜமாவே பார்ஸ் பண்ணி, அதாவது இலக்கணப்படி பிரிச்சு ஒரு மரம் கட்டி வச்சுக்குது, நீங்க டைப் பண்ணப் பண்ண மாறின இடத்தை மட்டும் திரும்ப பார்ஸ் பண்ணும். பைத்தான்ல எஃப்-ஸ்ட்ரிங் எழுதறீங்கன்னு வச்சுக்கோங்க, நெளிவு அடைப்புக்குள்ள இருக்கற வேரியபிள் ஸ்ட்ரிங் கலர்ல மூழ்காம தனியா தெரியும். எவ்வளவு கலர் அடிக்கணும்னு சொல்ற ட்ரீசிட்-ஃபான்ட்-லாக்-லெவல் 3-ல இருக்கும், அதை 4 ஆக்கினா ஃபங்ஷன் கால், ஆபரேட்டர் எல்லாம் கூட கலர் ஆகும், எனக்கு அது கண்ணை உறுத்துது, 3 போதும்.

ஆனா ஒவ்வொரு மொழியையும் எப்படி பார்ஸ் பண்றதுன்னு சொல்ற கிராமர் ஃபைல் ஈமாக்ஸோட வராது. ட்ரீசிட்-இன்ஸ்டால்-லாங்குவேஜ்-கிராமர்னு ஒரு கமாண்ட் இருக்கு, அதுக்கு கோடு இறக்கற கிட் (git) டூலும் சி கம்பைலரும் மிஷின்ல இருக்கணும். இங்கதான் நிறைய பேர் மாட்றாங்க: கிராமரோட லேட்டஸ்ட் கோடை இழுத்தா அது ஏபிஐ 15-ல (லைப்ரரியோட ஒத்துப்போக வேண்டிய வெர்ஷன் நம்பர்) வரலாம், டிஸ்ட்ரோல இருக்கற ட்ரீ-சிட்டர் லைப்ரரி பழசா இருந்தா வெர்ஷன்-மிஸ்மேட்ச்னு சொல்லி லோடே ஆகாது. ட்ரீசிட்-லாங்குவேஜ்-சோர்ஸ்-அலிஸ்ட்ல யூஆர்எல்லுக்கு அடுத்து டேக் (வெர்ஷன்) பேரையும் குடுக்கலாம், பைத்தானுக்கு 0.23 வரிசைல ஒன்னை குடுங்க, சரியாயிடும்.

உடையறது எதுன்னு கேட்டீங்களே, ஹூக்தான் (மோடு தொடங்கும்போது தானா ஓடற கோடு) உடையும். பைத்தான்-மோடு வேற, ட்ரீ-சிட்டர் வச்ச பைத்தான்-டிஎஸ்-மோடு வேற, பழைய மோடுக்கு மாட்டி வச்ச ஹூக் புதுசுல ஓடாது, பைத்தான்-பேஸ்-மோடு-ஹூக்ல மாட்டினா ரெண்டுக்கும் ஓடும். சி-ல இன்னும் கவனம் வேணும், நீங்க இன்டென்ட் அளவுக்கு சி-பேசிக்-ஆஃப்செட் செட் பண்ணி வச்சிருந்தா சி-டிஎஸ்-மோடு அதை கண்டுக்காது, அதுக்குன்னு தனி வேரியபிள், சி-டிஎஸ்-மோடு-இன்டென்ட்-ஆஃப்செட்.

கோலப்பொடி:
மேல யாரும் செக்யூரிட்டி பத்தி சொல்லல, அதையும் சொல்லியாகணும். 30.1-ல சிவிஇ-2025-1244-ஐ அடைச்சிருக்காங்க, மேன் பேஜ் (கமாண்ட் உதவிப் பக்கம்) லிங்க் வழியா ஷெல் கமாண்ட் ஓட்டற ஓட்டை அது. அதோட ஃப்ளைமேக் (எழுதும்போதே எரர் காட்டறது) ஓடிட்டிருந்தா, யாரோ குடுத்த எலிஸ்ப் (ஈமாக்ஸோட சொந்த மொழி) ஃபைலை சும்மா திறந்தாலே மேக்ரோ வழியா கோடு ஓடற பிரச்சனையும் இருந்துச்சு, அதுக்காக டிரஸ்டட்-கன்டென்ட்னு புதுசா ஒரு வேரியபிள் கொண்டு வந்திருக்காங்க. நீங்க சொந்தமா எலிஸ்ப் எழுதி ஒரு ஃபோல்டர்ல வச்சிருந்தா அங்க ஃப்ளைமேக் திடீர்னு வேலை செய்யாத மாதிரி இருக்கும், பயப்படாதீங்க, ஃபோல்டர் பேரை அந்த லிஸ்ட்ல சேருங்க, கடைசில சாய்வுக்கோடு கண்டிப்பா இருக்கணும். எல்லாத்தையும் நம்புன்னு மட்டும் வச்சிடாதீங்க ப்ளீஸ், அப்புறம் அடைச்சு என்ன பிரயோஜனம்.

எக்லாட்டும் இப்ப நல்லா சுறுசுறுப்பா இருக்கு, ஜேசான் (டேட்டா ஃபார்மட்) பார்சரை 30-ல அவங்களே எழுதிட்டாங்க, வெளி லைப்ரரியான லிப்ஜான்சன் தேவையில்ல. லாங்குவேஜ் சர்வர் பேசறது பூரா ஜேசான்லதானே, அதனால பெரிய ப்ராஜெக்ட்ல கண்கூடா தெரியும்.

மழைத்துளி:
லேப்டாப் இல்லாத பசங்க யாராவது இதை படிச்சா அவங்களுக்காக ஒன்னு. 30-ல ஆண்ட்ராய்டு போர்ட் அதிகாரப்பூர்வமா வந்திருக்கு, எஃப்-டிராய்டு ஆப் ஸ்டோர்லயே கிடைக்கும். கன்ட்ரோல், மெட்டா கீ இல்லாம எப்படின்னு யோசிப்பீங்க, மாடிஃபையர்-பார்-மோடு போட்டா டூல்பார் பக்கத்துல பட்டனா வரும், ஏதாவது மாட்டிக்கிச்சுன்னா வால்யூம் டவுன் பட்டனை ரெண்டு தடவை டக்குடக்குனு அமுக்கினா வெளிய வந்துடும். ஆனா டெர்மக்ஸ்ங்கற டெர்மினல் ஆப்ல இருக்கற கிட், கம்பைலரை இதுக்குள்ள இருந்து கூப்பிடணும்னா ரெண்டு ஆப்பும் ஒரே கீல சைன் ஆகியிருக்கணும், அந்த ஜோடி சோர்ஸ்ஃபோர்ஜ்ல தனியா இருக்கு.

தறிநாடா:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். இந்த வாரக் கடைசில மாறிடறேன், பைத்தானுக்கு மட்டும், ஒரு மோடுக்கு பதிலா இன்னொன்னை திறக்க வைக்கற மேஜர்-மோடு-ரீமேப்-அலிஸ்ட்ல டிஎஸ் மோடு போடறேன், சி இப்போதைக்கு பழையபடியே இருக்கட்டும். மரக்கிளை, ஒரே ஒரு சந்தேகம், எங்க கோடு பூரா லினக்ஸ் கர்னல் ஸ்டைல் இன்டென்ட், சி-டிஎஸ்-மோடுல அது உண்டா?

மரக்கிளை:
உண்டு. சி-டிஎஸ்-மோடு-இன்டென்ட்-ஸ்டைல்ல லினக்ஸ்னு குடுங்க, டீஃபால்ட்டா க்னூ ஸ்டைல்ல இருக்கும். ஆஃப்செட்டை மறக்காம 8 வச்சுக்கோங்க.