கிராக்கோவ் நகரின் யூத வரலாற்று நடைப்பயணம்: வழிகாட்டியுடன் செல்வதா, நாமாகவே நடப்பதா?

வைகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். வரும் செப்டம்பரில் கணவருடனும் பத்தாம் வகுப்பு படிக்கும் மகளுடனும் போலந்தின் கிராக்கோவ் நகருக்குச் செல்லவிருக்கிறேன். நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமைப் பார்க்க ஒரு நாளை ஒதுக்கிவிட்டோம். அதற்கு முந்தைய நாள், இந்நகரத்து யூதர்கள் எங்கே எப்படி வாழ்ந்தார்கள், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை மகள் தெருக்களில் நடந்தே அறிந்துகொள்ள வேண்டும் என விரும்புகிறேன். பழைய யூதக் குடியிருப்பான காசிமியேஷ் பகுதியை மட்டும் காட்டும் நடைப்பயணம், ஆற்றைக் கடந்து பழைய கெட்டோ (யூதர்களை அடைத்துவைத்த மதிலிட்ட பகுதி) வரை செல்லும் நீண்ட நடைப்பயணம், மின்வண்டியில் அமர்த்திச் சுற்றிக்காட்டும் ஏற்பாடு என மூன்று வகைகள் இருப்பதாக அறிகிறேன். இவற்றில் எது பயனுள்ளது? தம்மிடம் வேலை செய்த யூதர்களைக் காப்பாற்றிய ஜெர்மானியத் தொழிலதிபர் ஷிண்ட்லரின் தொழிற்சாலையையும் அதே நாளில் சேர்த்துக்கொள்ளலாமா?

கல்லெழுத்து:

வணக்கம் அம்மா. பணி நிமித்தம் இந்நகரில் வசிக்கிறேன். ஊரிலிருந்து வரும் உறவினர்களை இவ்வழியே அழைத்துச் செல்வது வழக்கம். ஆற்றைக் கடக்கும் நீண்ட நடையையே தேர்ந்தெடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

1495ஆம் ஆண்டில் மன்னர் யான் ஓல்பிராஹ்ட்டின் ஆணைப்படி கிராக்கோவின் யூதர்கள் அருகிலிருந்த காசிமியேஷுக்கு இடம்பெயர்ந்தார்கள். அதன்பின் நூற்றாண்டுக் கணக்கில் அவர்களுடைய வழிபாடும் கல்வியும் வணிகமும் அங்கே தழைத்தன. ஷெரோகா தெருவின் ஒரு முனையில் இன்று அருங்காட்சியகமாக இருக்கும் பழைய தொழுகைக்கூடமும், அதே தெருவில் ரெமு தொழுகைக்கூடமும் நிற்கின்றன. ரெமு தொழுகைக்கூடத்தை ஒட்டிய இடுகாட்டில், யூதச் சமயச் சட்டத்திற்கு எழுதிய உரைக்குறிப்புகளால் இன்றும் மதிக்கப்படும் யூத மதகுரு (ரபி) மோசே இசர்லெஸ் 1572இல் அடக்கம் செய்யப்பட்டார். அங்கே சுற்றுச்சுவரின் உட்புறத்தை உங்கள் மகளுக்கு அவசியம் காட்டுங்கள். உடைந்துபோன கல்லறைக் கற்களின் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி அதை எழுப்பியிருக்கிறார்கள். ஒரு துண்டில் எபிரேய எழுத்துகள் பாதி வரியில் அறுந்து நிற்கும். மற்றொன்றில் செதுக்கிய இலையோ மலரோ மட்டும் எஞ்சியிருக்கும். எவருடைய பெயர் எந்தத் துண்டோடு போயிற்று என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

போருக்கு முன் இந்நகர மக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் யூதர். ஜெர்மானியர்கள் கிராக்கோவைத் தங்கள் ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் தலைநகராக்கியதும், வாவெல் அரண்மனையில் குடியேறிய ஆளுநர் ஹான்ஸ் ஃபிராங்க், 1940இல் பெரும்பாலான யூதர்களை நகரைவிட்டே வெளியேற்ற உத்தரவிட்டார். எஞ்சியவர்களை 1941 மார்ச்சில் விஸ்துலா ஆற்றின் மறுகரையிலுள்ள பொத்குஜேயில் கெட்டோ அமைத்து அடைத்தார்கள். முன்பு சுமார் 3,000 பேர் வசித்த பகுதியில் சுமார் 15,000 பேர் வாழ நேர்ந்தது. எனவே வாழ்ந்த இடம் ஒரு கரையிலும் சிறைப்பட்ட இடம் மறுகரையிலும் இருக்கின்றன. தட்டுமுட்டுச் சாமான்களோடு அவர்கள் ஆற்றைக் கடந்து போன தொலைவை நாமும் கால்நடையாகக் கடந்தால்தான், அந்த வெளியேற்றம் எப்படி நடந்தது என்பது மனத்தில் பதியும். காசிமியேஷோடு நின்றுவிடும் நடையில் அது கிடைக்காது. மின்வண்டியிலோ அது சில நிமிடங்களில் கடந்துபோய்விடும்.

பாதசாரி:

மேலே நண்பர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். வழிகாட்டி தேவையா என்ற கேள்விக்கு மட்டும் என் பதிலைச் சொல்கிறேன்: தேவை. ல்வோவ்ஸ்கா தெருவில் கெட்டோ மதிலின் ஒரு பகுதி இன்றும் நிற்கிறது. அதன் மேல்விளிம்பு வரிசையாக வளைந்து, யூதக் கல்லறைக் கற்களின் வடிவில் இருக்கும். ஆனால் அதில் பதித்துள்ள பலகை போலந்து மொழியிலும் எபிரேயத்திலும்தான் இருக்கிறது. சொல்வதற்கு ஆள் இல்லையெனில் பலரும் அதைச் சாதாரணச் சுவராக எண்ணிக் கடந்துவிடுவார்கள்.

எனினும் வழிகாட்டியை அமர்த்துவதற்கு முன் ஒன்றை விசாரித்துக்கொள்ளுங்கள். ஷிண்ட்லரைப் பற்றிய புகழ்பெற்ற ஹாலிவுட் திரைப்படத்தின் கெட்டோ காட்சிகளில் பல, உண்மையான கெட்டோ இருந்த பொத்குஜேயில் அல்லாமல் காசிமியேஷில் படமாக்கப்பட்டன. அதனால் சில நடைப்பயணங்கள் படப்பிடிப்பு நடந்த முற்றங்களையும் படிக்கட்டுகளையும் காட்டுவதிலேயே பெரும்பொழுதைச் செலவிடுகின்றன. காசிமியேஷில்தான் கெட்டோ இருந்தது என்ற தவறான எண்ணத்தோடு திரும்புவோரும் உண்டு. நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு சமூகம் வாழ்ந்த இடத்தைப் படப்பிடிப்புத் தளமாக மட்டும் காட்டுவது அந்த மக்களுக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

வைகைக்கரை:

இருவருக்கும் மிக்க நன்றி. நீண்ட நடை என்றே முடிவு செய்துவிட்டோம். கெட்டோ பகுதியில் எங்கே கூடுதல் நேரம் செலவிட வேண்டும் என்பதையும், தொழிற்சாலை பற்றியும் யாரேனும் சொன்னால் உதவியாக இருக்கும். இங்கிருந்த மக்கள் அனைவரும் ஆஷ்விட்ஸுக்குத்தான் கொண்டுசெல்லப்பட்டார்களா என்று மகள் கேட்கிறாள்.

தென்பொருநை:

மகளின் கேள்வி மிகச் சரியான கேள்வி. 1942 ஜூனிலும் அக்டோபரிலும் கெட்டோவிலிருந்து ரயிலேற்றப்பட்டவர்கள் அனுப்பப்பட்டது பெல்ஜெக் கொலைமுகாமுக்கு. 1943 மார்ச் 13, 14 ஆகிய நாள்களில் கெட்டோவை அடியோடு ஒழித்தபோது சுமார் 2,000 பேரை அங்கேயே கொன்றார்கள். மற்றவர்களில் ஒரு பகுதியினர் அருகிலிருந்த ப்வாஷூவ் கட்டாய உழைப்பு முகாமுக்கும், ஏனையோர் ஆஷ்விட்ஸுக்கும் கொண்டுசெல்லப்பட்டார்கள்.

கெட்டோவின் பெரிய சதுக்கத்தில்தான் மக்களைத் திரட்டி நிறுத்தினார்கள். இன்று கெட்டோ வீரர்கள் சதுக்கம் எனப்படும் அவ்விடத்தில், 2005 முதல் வெறுமையான உலோக நாற்காலிகள் நினைவுச்சின்னமாக நிற்கின்றன. அதன் ஓரத்தில் கழுகு மருந்தகம் இருக்கிறது. உங்கள் கூடுதல் நேரத்தை அங்கே கொடுங்கள். அதை நடத்திய தாதேயுஷ் பான்கியேவிச் யூதரல்லாத போலந்துக்காரர். கெட்டோ அமைந்த பிறகும் வெளியேற மறுத்துக் கடையைத் தொடர்ந்து நடத்தினார். மருந்து கொடுத்தார், செய்திகளைக் கொண்டுசேர்த்தார், தேடப்பட்டவர்களை ஒளித்துவைத்தார். கிடங்கறை, மருந்து அலமாரிகள் முதலியவற்றைத் திறந்து பார்க்கும்படி அங்கே காட்சிப்படுத்தியிருப்பதால், உங்கள் மகளின் வயதினர் ஆர்வத்தோடு நின்று படிக்கிறார்கள். 1983இல், யூத இனப்படுகொலையின் நினைவைப் பேணும் இஸ்ரேலின் யாட் வஷெம் நிறுவனம் அவரைச் சிறப்பித்தது.

லிபோவா தெருவிலுள்ள ஷிண்ட்லர் தொழிற்சாலை, சதுக்கத்திலிருந்து நடக்கும் தொலைவில்தான் இருக்கிறது. 2010இல் திறந்த அந்த அருங்காட்சியகம் ஷிண்ட்லரைவிட, ஆக்கிரமிப்பின் கீழ் இந்நகரம் பட்ட பாட்டையே விரிவாகச் சொல்கிறது. அனுமதிச்சீட்டுகள் விரைவில் தீர்ந்துவிடுமாகையால் முன்பதிவு செய்துவிட்டு, காலையில் நடைப்பயணம், மதிய உணவுக்குப் பின் தொழிற்சாலை என வைத்துக்கொள்ளுங்கள். ரெமு தொழுகைக்கூடம் சனிக்கிழமையில் பார்வையாளருக்குத் திறந்திருக்காது; ஆகவே அந்நாளைத் தவிர்த்துவிடுங்கள். உள்ளே செல்லும்போது உங்கள் கணவர் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்பதால், ஒரு தொப்பி கையில் இருக்கட்டும்.