மறு: மறு: ஓசன்னாச் சிலுவை, வேறு சொல் உண்டா?

அன்புள்ள குழுவினருக்கு,

மேற்குப் பிரான்ஸ் பற்றிய பயணக் கையேடு ஒன்றை வெள்ளிக்குள் மொழிபெயர்த்துத் தரவேண்டும். புவாத்து, சாந்தோஞ்சு வட்டாரத்துச் சிற்றூர்க் கல்லறைத் தோட்டங்களில் உயரமான கல்தூணும் உச்சியில் சிலுவையுமாக ஒன்று நிற்கும். பெயர் 'குருவா ஓசானியேர்'. குருத்தோலை ஞாயிறன்று பவனி அங்கே போய் நின்று ஓசன்னா பாடும். ஒல்னேயில் இருப்பது 15ஆம் நூற்றாண்டினது. வாசகப் புத்தகத்தை வைக்கக் கல்லிலேயே சாய்மேடை உண்டு. 'ஓசன்னாச் சிலுவை' என்று எழுதினேன். பதிப்பாசிரியர் புரியவில்லை என்கிறார்.
– இரா.

ஓசன்னா எபிரேயம், சிலுவை சிரியாக் வழி வந்தது. இரண்டும் இரவல்! ஓசன்னா 'மீட்டருளும்' என்ற மன்றாட்டாகத் தொடங்கி வாழ்த்தொலியானது. வீரனுக்கு நடுகல் நாட்டும் படிகளைத் தொல்காப்பியர் காட்சி, கால்கோள் என்று அடுக்கி வாழ்த்தில்தானே முடிக்கிறார்? 'வாழ்த்துக்கல்' என்க.
– மா.

ஐயா, நடுகல் ஒரு வீரனுக்கு. இது ஊருக்கே ஒன்று. குழிக்குக் குழி குறி வைக்க வசதியில்லாத காலத்தில் எல்லாருக்கும் பொதுவாக நின்றது. அப்புறம், முவேஸ் ஊரில் கொரிந்தியத் தூண்கள் சூழ்ந்த மேடைக்கு மேலே எழும்புகிறது. அதையும் 'கல்' என்பீர்களா? எங்கள் நாகர்கோவில் பக்கம் குருசடி என்போம். 'குருத்தோலைக் குருசடி' போடுங்கள், பாட்டிக்கும் புரியும்.
– செ.

குருசடி தெருமுனையில் மெழுகுவத்தியும் உண்டியலுமாக இருப்பது, தம்பி. மேற்குப் பிரான்சில் குருத்தோலைக்கு எங்கே போவது? 'புயி' என்ற புதர்ச்செடியின் கொப்பைத்தான் மந்திரித்துக் கொடுப்பார்கள். பிரெஞ்சில் அந்த நாளின் பெயரே கிளைகளின் ஞாயிறுதான், ஓலை நம்முடையது.
– அ.

கல்லறைத் தோட்டம் ஏன்? யாழ்ப்பாணத்தில் சேமக்காலை என்போம். சேமம் என்றால் புதைத்தல். காலை, மாட்டுத்தொழுவத்தைக் குறிக்கும் பசுக்காலையில் வரும் அதே காலை.
– யோ.

அந்தக் காலை 'கால்' என்ற இடப்பொருள் வேரா? தனி இழை தொடங்கலாமே.
– மா.

தயவுசெய்து தொடங்குங்கள். நான் ஓசன்னாச் சிலுவையையே வைத்து, அது முதலில் வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் சேர்த்து அனுப்பிவிட்டேன். மூன்று பேர் தனிமடலில் சரி என்றார்கள். சேமக்காலையை எடுத்துக்கொண்டேன், நன்றி யோ. அக்கா.
– இரா.

அடுத்த பதிப்பிலாவது வாழ்த்துக்கல் வரட்டும்.
– மா.