‘நைட்ரஜன் வெளியேற்றம்’ வேண்டாம். ‘நைட்ரஜன் கழிப்பு’ எனலாம்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

இறைச்சி மாடுகளின் தீவனம் பற்றிய கட்டுரையில் ‘nitrogen excretion’ என்பதற்குத் தமிழாக முன்மொழியப்பட்ட ‘நைட்ரஜன் வெளியேற்றம்’ என்னும் சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. சாணமாகவும் சிறுநீராகவும் மாட்டின் உடலை விட்டுக் கழியும் நைட்ரஜன் வேறு; கழிந்தபின் பட்டித் தரையிலிருந்து அம்மோனியாவாகக் காற்றில் கலக்கும் நைட்ரஜன் வேறு. இரண்டையும் ‘வெளியேற்றம்’ என்றே எழுதினால், தீவன ஆய்வுகளின் முதன்மையான முடிவைத் தமிழில் சொல்லவே முடியாமல் போகும்.

டெக்சாஸ் போன்ற அமெரிக்க மாநிலங்களில் மாடுகளை அடைத்துக் கொழுக்கவைக்கும் பெரும்பட்டிகளை எடுத்துக்கொள்வோம். அங்கே மாடு உண்ணும் நைட்ரஜனில் பெரும்பாலும் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் உடலில் தங்குகிறது. முதல் இரைப்பையின் நுண்ணுயிர்கள் தீவனப் புரதத்தைச் சிதைக்கும்போது உண்டாகும் அம்மோனியாவில் அவற்றுக்குப் பயன்படாத பகுதி இரத்தத்தில் கலந்து, கல்லீரலில் யூரியாவாகிறது. அதில் ஒரு பங்கு உமிழ்நீர் வழியாகவும் இரைப்பைச் சுவர் வழியாகவும் மீண்டும் இரைப்பைக்கே திரும்ப, எஞ்சியது சிறுநீரில் கழிகிறது. அந்த யூரியாவைச் சாணத்திலுள்ள யூரியேஸ் நொதி விரைவில் அம்மோனியாவாக்கிவிடும். சாணத்து நைட்ரஜனோ பெரிதும் கரிமப் பொருளில் பிணைந்திருப்பதால் மெதுவாகவே சிதைகிறது.

புரதத்தைத் தேவைக்கு மேல் கொடுக்காமல் குறைத்தால் கழிவதும் குறையும், குறிப்பாகச் சிறுநீரில் கழிவது. டானின் என்னும் தாவரத் துவர்ப்புப் பொருளைத் தீவனத்தில் சேர்ப்பதன் விளைவு அப்படியன்று. ஆவாரம்பட்டையின் துவர்ப்பு தோலின் புரதத்தைப் பிணைத்துப் பதப்படுத்துவதுபோல, டானின் தீவனப் புரதத்தைப் பிணைத்து இரைப்பையில் அது சிதைவதைத் தடுக்கிறது. அப்போது கழியும் மொத்த நைட்ரஜன் அதிகம் மாறாமலேயே, சிறுநீரின் பங்கு குறைந்து சாணத்தின் பங்கு கூடும்; அதனால் காற்றில் கலக்கும் அம்மோனியா குறையும். (அளவு மிஞ்சினால் மாடு தீவனம் எடுப்பதும் செரிப்பதும் குறையும் என்பதையும் கட்டுரை சொல்லவேண்டும்.) இந்த முடிவை முன்மொழிந்த சொல்லால் எழுதினால், ‘வெளியேற்றம் மாறவில்லை, ஆனால் வெளியேற்றம் குறைந்தது’ என்றுதான் வரும்.

எனவே உடலிலிருந்து கழிவதற்குக் ‘கழிப்பு’, காற்றில் கலப்பதற்கு ‘உமிழ்வு’ என்று பிரிக்கலாம். ‘சிறுநீர் கழித்தல்’ என்பது நம் அன்றாட வழக்கு என்பதால் ‘கழிப்பு’ யாருக்கும் புதிதாகத் தோன்றாது. பாடநூல்களின் ‘கழிவுநீக்கம்’ உடலியங்கியலுக்குப் பொருந்தும். ஆனால் ‘நைட்ரஜன் கழிவுநீக்கம்’ என்றால் கழிவுநீரைச் சுத்திகரிப்பதாக ஒருவர் எண்ணக்கூடும். நைட்ரஜனைத் தழைச்சத்து என்றே சொல்லி, ‘தழைச்சத்துக் கழிப்பு’ எனலாம் என்ற யோசனை எனக்கும் பிடித்ததே. எனினும் தழைச்சத்து என்பது பயிருக்கு இடும் உரத்தையே நினைவூட்டுவதால், சாணத்தை வயலில் இடுவதைப் பேசும் பகுதிக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

இதன்படி மேற்சொன்ன முடிவு இப்படி அமையும்: ‘டானின் சேர்த்த தீவனத்தால் நைட்ரஜன் கழிப்பின் மொத்த அளவு அதிகம் மாறவில்லை, சிறுநீர்வழிக் கழிப்பு குறைந்து சாணவழிக் கழிப்பு கூடியதால் அம்மோனியா உமிழ்வு குறைந்தது.’ கழிப்பு ஒரு வழியிலிருந்து மற்றொன்றுக்கு இவ்வாறு நகர்வதைக் ‘கழிப்பு வழிமாற்றம்’ எனக் குறிக்கலாமா என்பது பற்றி, கால்நடை மருத்துவம் பயின்ற நண்பர்கள் கருத்துச் சொல்ல வேண்டுகிறேன்.