கடைசித் தேதிக்குள் ஃபீஸ் கட்ட என்ன செய்தீர்கள்?

அண்ணன் மகள் போன வாரம் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. இயற்பியல் சேர்ந்தாள். வாட்ஸ்அப்பில் ரசீதை அனுப்பியிருந்தாள், முதல் பருவத்துக்கே 18 ஆயிரத்துச் சொச்சம். 2009இல் அதே துறையில் நான் கட்டியது நாலாயிரத்துக்குள்தான். அந்த ரசீது இன்னும் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது, எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வேடிக்கை என்னவென்றால் கல்விக் கட்டணம் என்கிற வரி பெரிதாக ஏறவே இல்லை. ஆய்வகம், இணையம், உள்கட்டமைப்பு, சிறப்புக் கட்டணம், அப்புறம் 'இதர' என்று ஒரு வரி, இவைதான் வளர்ந்து நிற்கின்றன. கேட்டால், டியூஷன் ஃபீஸில் கைவைக்கவில்லையே என்று சொல்லிக்கொள்ளலாம்.

எனக்கு அந்த நாலாயிரமே மலை. அப்பா கிடையாது. அம்மா தோட்டைக் கழற்றிக் கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைத்துவிட்டு, துளை தூர்ந்துவிடக் கூடாதென்று காதில் வேப்பங்குச்சி செருகிக்கொண்டு ஏழு மாதம் ஒரு கல்யாண வீட்டுக்கும் போகாமல் இருந்தது. ஏழு மாதம் எதற்கு என்றால் ஸ்காலர்ஷிப் வர அவ்வளவு நாள். பணம் வரத்தான் செய்தது, ஃபீஸ் கட்டி, பரீட்சையும் எழுதி, ரிசல்ட்டும் பார்த்த பிறகு.

இப்போது மட்டும் என்ன? புதுமைப் பெண் திட்டத்தில் 2022இலிருந்து மாதம் ஆயிரம் வருகிறது, நல்ல விஷயம்தான், குறை சொல்ல மாட்டேன், ஆனால் அது இளநிலையோடு சரி. முதல் பட்டதாரி சலுகை தொழிற்படிப்புக் கலந்தாய்வில் போனவர்களுக்கு. எம்.எஸ்சி.காரி இரண்டிலும் வர மாட்டாள். மிச்சம் ஸ்காலர்ஷிப், அது வருகிற லட்சணத்தைத்தான் மேலே சொன்னேனே. நீங்களெல்லாம் எப்படிக் கட்டினீர்கள், சொல்லுங்கள்.

—

அக்கா, நான் பொறியியல், நாலு அரியர் வைத்திருந்தவன். 2023 கடைசியில் அண்ணா பல்கலைக்கழகம் தேர்வுக் கட்டணத்தைத் தாளுக்கு 150 ரூபாயிலிருந்து 225 ஆக்கப் போகிறது என்று செய்தி வந்த அன்று மெஸ்ஸில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். எட்டுத் தாள் எழுதுகிறவனுக்கு 600 ஏறும், பன்னிரண்டு எழுதுகிற எனக்கு 900. எதிர்ப்பு கிளம்பவும் அந்தப் பருவத்துக்கு நிறுத்தி வைத்தார்கள், தப்பித்தேன். வீட்டில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். எதற்கு எக்ஸ்ட்ரா என்று அப்பா கேட்பார், பதில் சொன்னால் அரியர் வெளியே வந்துவிடும். அதனால் முகூர்த்த நாளுக்கு முந்தின ராத்திரி கேட்டரிங் போவேன், ஒரு பந்தி விடாமல் சாம்பார் வாளி தூக்கினால் 500 கிடைக்கும். ஒரு தடவை வரிசையில் இலை போட்டுக்கொண்டே போகிறேன், கடைசியில் எங்கள் எச்.ஓ.டி. சார் உட்கார்ந்திருக்கிறார். அவரும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை, வடை மட்டும் இரண்டு வைத்தேன்.

—

நான் சிதம்பரத்துக்காரன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை அரசு 2013இல் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது. ஆனால் அதற்குப் பிறகும் அதன் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். கட்டணம் வருஷத்துக்கு 5.44 லட்சமாக இருந்தது, மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளில் 13,610. போர்டில் அரசு, ரசீதில் தனியார், கிட்டத்தட்ட நாற்பது மடங்கு. 2020 டிசம்பரில் ஆரம்பித்து ஐம்பது நாளுக்கு மேல் பிள்ளைகள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள், விடுதியைக் காலி செய்யச் சொல்லியும் நகரவில்லை. 2021 தொடக்கத்தில் கல்லூரியைச் சுகாதாரத் துறைக்கு மாற்றி 13,610 ஆக்கினார்கள். முந்தின வருஷமே படித்து முடித்து வெளியே போனவர்களை நினைத்தால்தான் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

—

எல்லாருக்கும் வணக்கம். நான் படிக்கவில்லை, மகன் படித்தான், ஒரு ஐஐடியில். அங்கே 2016இல் வருஷக் கட்டணம் 90 ஆயிரத்திலிருந்து ஒரேயடியாக இரண்டு லட்சமானது. குடும்ப வருமானம் ஒரு லட்சத்துக்குக் கீழ் என்றால் முழு விலக்கு, ஐந்து லட்சத்துக்குள் என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. நான் அரசு அலுவலகத்தில் கடைநிலை ஊழியர். முதல் இரண்டு வருஷம் தள்ளுபடி கிடைத்தது. மூன்றாம் வருஷம் அகவிலைப்படி ஏறியது, அலுவலகத்தில் எல்லாரும் லட்டு வாங்கிச் சாப்பிட்டோம். வருமானச் சான்றிதழுக்குப் போனபோதுதான் தெரிந்தது, வருஷச் சம்பளம் ஐந்து லட்சத்தை ஆறாயிரம் ரூபாய் தாண்டியிருக்கிறது. அந்த ஆறாயிரத்துக்காக லட்சத்துக்கு மேல் தள்ளுபடி போனது. பி.எஃப். லோன் போட்டுத்தான் கட்டினேன். அந்த லட்டு ஞாபகம் வரும்போதெல்லாம் சிரிப்புதான் வருகிறது.

—

அக்கா, எனக்கு வெள்ளிக்கிழமை கடைசித் தேதி. கடனுக்கு வங்கியில் போனஃபைட், அதாவது இங்கே படிக்கிறேன் என்கிற சான்றிதழ், கேட்கிறார்கள், ஃபீஸ் கட்டினால்தான் போனஃபைட் தருவோம் என்கிறது ஆபீஸ். என்ன செய்வது?

—

தம்பி, அட்மிஷன் ஆர்டரும் கட்டண விவரமும் இருந்தால் கடனுக்கு விண்ணப்பிக்கலாம், மேனேஜரிடம் அதைக் காட்டிப் பேசு. ஏழரை லட்சம் வரை கல்விக் கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது, கேட்டால் எழுதிக் கொடுங்கள் என்று சொல். அதற்குள் தேதி போய்விடும் என்பதால், இரண்டு தவணையாகக் கட்டுகிறேன் என்று இன்றைக்கே ஒரு கடிதம் எழுது, துறைத் தலைவர் கையெழுத்து வாங்கு. நான் இரண்டாம் வருஷம் அப்படித்தான் கட்டினேன். கடிதத்தை ஆபீஸ் தட்டில் வைத்துவிட்டு வராதே. நகலில் சீல் போட்டு வாங்கிக்கொண்டு வா. மதியம் ஒரு மணிக்கு முன்னால் போ, அதற்கப்புறம் கவுண்டரில் ஆள் இருக்காது.