எஞ்சின் மவுண்டிங்: 'அதிரணை' பொருந்துமா?

அன்புடையீர், வணக்கம்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் எஞ்சினை வீட்டு முற்றத்திலேயே இறக்குவதற்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். 1961 முதல் சென்னையில் உருவான அந்தக் காரில் இருப்பது 948 சிசி எஞ்சின். மட்கார்டுகளோடு சேர்ந்த பானெட் முழுவதும் முன்பக்கமாகச் சாய்ந்து திறப்பதால், சுற்றி வந்து வேலை பார்க்க வசதியான கார் அது. கலைச்சொற்கள்தாம் அவ்வளவு எளிதில் திறந்துகொடுக்கவில்லை.

ரேடியேட்டர், கார்புரேட்டர் போன்றவற்றை வழக்கில் உள்ளபடியே விட்டுவிட்டேன். எஞ்சினுக்கும் காரின் அடிச்சட்டத்துக்கும் நடுவே, இரும்புத் தகடுகளோடு ரப்பரைப் பிணைத்துச் செய்த உறுப்புக்குத்தான் சொல் வேண்டும். பட்டறையில் இதை 'மவுண்டிங்' என்பார்கள். 'பவுண்டேஷன்' என்பவர்களும் உண்டு. 'எஞ்சின் தாங்கி' என்பதை நான் ஏற்கத் தயங்குவதற்குக் காரணம், 'தாங்கி' ஏற்கெனவே பேரிங்குக்கு உரிய சொல்லாக நிலைத்திருப்பதும், எஞ்சினுக்குள்ளேயே பல பேரிங்குகள் இருப்பதும்தான். "எஞ்சினைச் சங்கிலியால் தூக்கிப் பிடிக்கும் செயின் பிளாக் எடையை ஏற்ற பிறகே தாங்கியின் போல்ட்டுகளைக் கழற்றுக" என்று எழுதினால், புதிதாக ஸ்பானர் பிடிப்பவர் எதைத் தொடுவார்? எடையை ஏற்காமல் அந்த போல்ட்டுகளைக் கழற்றினால் எஞ்சின் சரிந்து கையை நசுக்கிவிடும். ஆகவே இங்கே சொல் மயக்கம் வெறும் இலக்கண வழு அன்று.

தலையணையை நினைத்து முதலில் 'பொறியணை' என்று அமைத்தேன். ஆனால் பெட்ரோல் எஞ்சினில் 'பொறி' என்றதும் தீப்பொறிதான் நினைவுக்கு வரும் என்பதால், அது பொறியை அணைக்கும் கருவி என்று படிக்கப்படலாம். அந்தத் தடுமாற்றமே வழிகாட்டியது. 'அணை' என்பதற்கு மெத்தை என்ற பொருளும் தணித்தல் என்ற பொருளும் இருக்கின்றன. இந்த ரப்பர் செய்யும் வேலைகளும் அவை இரண்டே. எனவே 'அதிரணை' என்பதை முன்வைக்கிறேன்.

வினைத்தொகையாகக் கொண்டால் 'அதிரும் அணை' என்றாகும் என மறுக்கலாம். 'அதிர்' என்பதை முதனிலைத் தொழிற்பெயராகக் கொண்டு, 'அதிர்வை அணைப்பது' என விரிப்பதே என் கருத்து. கியர்பாக்ஸை ஏந்தும் ரப்பருக்கும் இதே சொல் பொருந்தும். எண்ணெய் ஊறித் தொய்ந்த அதிரணையை மீண்டும் பூட்டக் கூடாது என்ற குறிப்பையும் மயக்கமின்றி எழுத முடிகிறது. ஷாக் அப்சார்பரோடு இது குழம்புமா என்பதில் மட்டும் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.