தேய்ந்த கல்வெட்டு, பெரிய மரங்கள்: பிள்ளைகளுக்கு அரை நாள் வெளிப்புறப் பயிற்சி நடத்துவது எப்படி?

கேள்வி:
12 முதல் 15 வயது வரை 24 பேர். இடம் ஒரு பழைய கற்சுவர். அதில் தேய்ந்த எழுத்துகள், அருகில் நாலைந்து பெரிய மரங்கள். மூன்றரை மணி நேரம் கிடைக்கும். எழுத்து தெரிய சாக்பீஸ் தடவலாமா? மரத்தின் உயரத்தை எளிதாக அளக்க என்ன வழி? குழுவுக்கு எத்தனை பேர்?

பதில் 1:
சாக்பீஸ் வேண்டவே வேண்டாம். மாவு, எண்ணெய், கம்பித் தூரிகையும் கூடாது. தூள் கல்லின் நுண்துளைக்குள் இறங்கிவிட்டால் முழுதாகப் போகாது. அதைவிட மோசம், சாக்பீஸ் பிடித்தவர் தான் நினைத்த எழுத்தையே இழுத்துவிடுவார். அடுத்து வருபவர் அதைத்தான் படிப்பார்.

சாய்வொளி போதும். டார்ச்சைக் கல்லை ஒட்டினாற்போல் பக்கவாட்டில், 10 முதல் 15 பாகைச் சாய்வில் பிடியுங்கள். பள்ளத்தின் ஒரு கரையில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். பக்கத்திலிருந்து ஒளி வந்தால் படுக்கைக் கோடுகள் மறைந்துபோகும். ஆகவே மேலிருந்தும் ஒருமுறை அடித்துப் பார்க்க வேண்டும். வெயில் இதைக் கெடுக்கும். இரண்டு பேர் கறுப்புத் துணியைப் பிடித்து நிழல் செய்யட்டும். தாளில் வரையும்போது உறுதியானதை முழுக்கோடாகவும் சந்தேகமானதைப் புள்ளிக்கோடாகவும் போடச் சொல்லுங்கள். இந்த ஒரு பழக்கம் படிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பதில் 2:
உயரத்துக்குப் பாகைமானி, ஸ்ட்ரா, 30 செ.மீ. நூல், ஒரு வாஷர். ஸ்ட்ராவைப் பாகைமானியின் நேர்விளிம்பில் ஒட்டி, நடுத்துளையில் நூலைக் கட்டி வாஷரைத் தொங்கவிடுங்கள். ஸ்ட்ரா வழியே மர உச்சியைப் பார்த்தபடி, நூல் 45 பாகையில் நிற்கும்வரை பின்னால் நகர வேண்டும். அங்கிருந்து அடிமரம் வரை உள்ள தூரத்தோடு கண் உயரத்தைக் கூட்டினால் மரத்தின் உயரம். தூரம் 14.2 மீ., கண் உயரம் 1.4 மீ. என்றால் 15.6 மீ.

தரை சமமாக இருந்தால்தான் இது சரிவரும். அகன்ற மரத்தில் முன்னால் நீட்டிய கிளையை உச்சி என்று எடுத்துவிடுவார்கள், விடை கூடிப்போகும். காற்றில் நூல் ஆடினால் நின்றதும் விரலால் அழுத்திப் படிக்கலாம். சுற்றளவைத் தரையிலிருந்து 1.3 மீ. உயரத்தில் எடுங்கள், டேப் சாய்ந்திருந்தால் அளவு கூடும்.

ஒரு கருவிக்கு நாலு பேர்: பார்ப்பவர், நூலைப் படிப்பவர், டேப் பிடிப்பவர், எழுதுபவர். அதற்கு மேல் போனால் மிச்சப்பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள்.

பதில் 3:
நாலு பேர் வீதம் ஆறு குழு. சுவரில் ஒரே நேரத்தில் இரண்டு குழுவுக்கு மேல் நிற்க இடமிருக்காது. அதனால் சுவர், மரம், செடி என மூன்று நிலையம், ஒவ்வொன்றிலும் 45 நிமிடம். மூன்றாவது நிலையத்துக்குக் கயிற்றால் 1 மீட்டர் சதுரம் செய்து உள்ளிருக்கும் செடிவகைகளை எண்ணலாம். சதுரத்தை வீசிப் போட்டால் பூ இருக்கும் பக்கமாகவே விழும். எண் எழுதிய சீட்டு எடுத்து இடத்தைத் தீர்மானியுங்கள். பெயர் தெரியாத செடிக்கு அ, ஆ என்று குறியிட்டுப் படம் எடுத்தால் போதும், பிடுங்கக் கூடாது. கல்லில் திட்டாகப் படர்ந்த லைக்கனையும் (பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் உயிர்) சுரண்ட விடாதீர்கள். அது மிக மெதுவாக வளர்வது.

இடத்துக்குப் பொறுப்பானவரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். சுவர்ப் பொந்துகளில் குளவியோ பாம்போ இருக்கலாம், எவரும் உள்ளே கையை விடக் கூடாது.

கேட்டவர்:
கைபேசி விளக்கு போதுமா?

பதில் 1:
போதும். ஒளி பரந்து விழும் என்பதால், கறுப்புத் தாளைக் குழலாகச் சுருட்டி விளக்கின் மேல் ஒட்டிவிடுங்கள்.