பொன்னிறப் பூச்சும் ஈறுச் செல்களும்

கேள்வி – முதுநிலை பல் மருத்துவ மாணவி

பல் இம்பிளான்ட்டின் (தாடை எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல்வேர்) பரப்பை ஈறு எப்படிப் பற்றுகிறது என்று அறிய, ஈறிலிருந்து பிரித்தெடுத்த ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை (கொலாஜன் நார்களை உருவாக்கும் இணைப்புத் திசுச் செல்கள்) மூன்று வகை டைட்டானியம் வில்லைகளில் வளர்த்தேன்: மெருகேற்றியது, மணல் வீசி அமிலத்தில் அரித்தது, டைட்டானியம் நைட்ரைடு பூசிய பொன்னிறமானது. 24 மணி நேரம் கழித்துச் சாயமேற்றிப் பார்த்தபோது, முதலாவதிலும் மூன்றாவதிலும் செல்கள் நீண்டு படர்ந்திருந்தன. சொரசொரப்பான வில்லையில் அவை எண்ணிக்கையில் குறைந்து, குறுகிக் கிடந்தன. எலும்புக்கு உகந்த பரப்பு ஈறுக்கு ஒவ்வாமல் போவது ஏன்? நைட்ரைடு தானே ஏதேனும் நன்மை செய்கிறதா?

பதில் – ஈறு நோய் மருத்துவர்

இரண்டும் வெவ்வேறு வேலை செய்யும் செல்கள். எலும்பைக் கட்டும் செல்கள் 1 முதல் 2 மைக்ரோமீட்டர் வரையிலான மேடுபள்ளங்களை விரும்புகின்றன. ஃபைப்ரோபிளாஸ்டோ தட்டையாக விரிந்து ஊர்வதற்கே பழகியது, ஆகவே பள்ளங்களுக்கு மேல் பாலம் போலத் தொங்க நேர்ந்தால் அதன் பிடிமானப் புள்ளிகள் குறைகின்றன. இயற்கைப் பல்லில் கொலாஜன் நார்கள் வேரை மூடியிருக்கும் கடினப் படலமான சிமெண்டத்துக்குள் குத்தாகப் புகுந்து நிற்கும். இம்பிளான்ட்டைச் சுற்றியோ அவை பெரும்பாலும் பரப்புக்கு இணையாக ஓடுகின்றன என்பதை 1991-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் நாய்களில் காட்டினர். அந்தத் தளர்ந்த கட்டின் வழியாகத்தான் கிருமிகள் உள்ளே இறங்குகின்றன. எனவே ஈறு தொடும் பகுதியில் சொரசொரப்பு வேண்டாம் என்பதற்குச் செல்களை விடப் பாக்டீரியாவே பெரிய காரணம்: சொரசொரப்பு கூடினால் கிருமிப் படிவும் கூடும். ஆனால் சராசரி சொரசொரப்பு சுமார் 0.2 மைக்ரோமீட்டருக்குக் கீழே போனால், மேலும் மெருகேற்றுவதால் கிருமிப் படிவு குறிப்பிடத்தக்க அளவில் குறைவதில்லை.

பதில் – பொருளறிவியல் ஆய்வாளர்

மருத்துவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். செல் உலோகத்தை நேரடியாகத் தொடுவதே இல்லை. செல்களை வளர்க்கும் ஊடகத்தில் உள்ள ஃபைப்ரோநெக்டின் போன்ற புரதங்கள் முதலில் ஒட்டிக்கொள்ள, செல் அவற்றைத்தான் பற்றுகிறது. பூச்சு மாறும்போது பரப்பின் வேதியியலும் நீர் ஈர்ப்பும் மாறி, எந்தப் புரதம் எந்தத் தோரணையில் படிகிறது என்பதும் மாறக்கூடும். ஆனால் உங்கள் சோதனை இதை நிரூபிக்கவில்லை. சில மைக்ரோமீட்டர் தடிமனே உள்ள நைட்ரைடு படலம் அடியிலுள்ள உலோகத்தின் மேடுபள்ளத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளும். மெருகேற்றிய வில்லையின் மேல் பூசியிருந்தால், நீங்கள் கண்டது நைட்ரைடின் குணமா வழவழப்பின் குணமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. சொரசொரப்பான வில்லையொன்றிலும் அதே பூச்சை இட்டுப் பாருங்கள். பொன்னிறத்துக்கு வேறொரு பயன் உறுதியாக உண்டு: மெல்லிய ஈறின் வழியே டைட்டானியத்தின் சாம்பல் நிறம் தெரியாமல் மறைக்கும்.

மாணவி

நன்றி ஐயா. பூச்சு மெருகேற்றிய வில்லையின் மேல்தான் இடப்பட்டது என்று ஆய்வகத்தில் இப்போதுதான் கேட்டறிந்தேன். நான்காவது வில்லையைத் தயாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.